கூடைப்பந்துக்கும் பகடிப் பணமா?

பர்கோஸ் என்ற ஊரின் பெயர் நம் மூத்த தோழர்களுக்குப் புதிதல்ல. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, 1936 முதல் 1939 வரை, பாசிஸ்ட் பிராங்கோவின் கலகச் சர்க்கார் கொலுவிருந்த ஊர் அது. போர் முடிந்த பிறகு குடியரசின் பக்கம் நின்றவர்களை அடைத்து வைத்த பெரிய சிறைச்சாலை இருந்ததும் அங்கேதான். இருபத்திமூன்று வருஷம் சிறையில் கழித்துவிட்டு 1961-ல் வெளியே வந்த கம்யூனிஸ்ட் கவிஞர் மார்க்கோஸ் அனா அந்தச் சிறையில் கிடந்தவர். ஆகவே பர்கோஸ் என்றதும் நம்மவர்களுக்குச் சிறைக் கதவுதான் ஞாபகம் வரும்.

இந்த வாரம் நாம் எழுதப் போவதும் அந்த ஊரில் சாத்திய ஒரு கதவைப் பற்றித்தான். ஆனால் இது ஆளை உள்ளே தள்ளிப் பூட்டிய கதவல்ல. ஜெயித்து வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, "காசு எங்கே?" என்று கேட்டுச் சாத்திய கதவு. விஷயம் கூடைப்பந்து.

கூடைப்பந்தா, நம் பத்திரிகையில் இதற்கும் இடமா என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்க வேண்டாம். வேலை முடிந்து வந்த ஜனங்கள் சாயங்காலம் எங்கே கூடுகிறார்களோ, எதற்காகக் கத்துகிறார்களோ, எதற்காக அழுகிறார்களோ, அங்கே முதலாளித்துவம் என்ன செய்கிறது என்று பார்ப்பது நம் வேலைதான். ஸ்பெயினில் உதைபந்துக்கு அடுத்தபடியாக ஜனங்கள் திரளும் ஆட்டங்களில் கூடைப்பந்து முன்வரிசையில் நிற்கிறது. அந்த நாட்டின் முதல் பிரிவு ஆண்கள் லீக், ஐரோப்பாவில் எந்த நாட்டு லீகுக்கும் சளைத்ததல்ல. ஏ.ஸி.பி. லீக் என்று அதற்குப் பெயர். கிளப்புகளின் சங்கத்தினுடைய பெயரின் சுருக்கம் அது.

முதலில் விதியைச் சொல்லிவிடுவோம். முதல் பிரிவில் பதினெட்டு கோஷ்டிகள். ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் இரண்டு முறை மோதும். ஆக முப்பத்துநான்கு ஆட்டங்கள். முதல் எட்டு இடம் பிடித்தவை பட்டத்துக்காக மறுபடி மோதும். கடைசி இரண்டு இடத்தில் நிற்பவை இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். இரண்டாம் பிரிவில் ஜெயித்த இரண்டு கோஷ்டிகள் மேலே ஏற வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! உழைத்தவன் ஏறுவான், சோர்ந்தவன் இறங்குவான். காகிதத்தில் இப்படித்தான் எழுதியிருக்கிறது.

நடந்தது என்ன?

மூன்று தடவை ஜெயித்தவர்கள்

பர்கோஸ் நகரத்தில் டிஸோனா என்று ஒரு கிளப். எல் ஸித் என்ற பழைய ஸ்பானிய வீரனின் வாளுக்கு டிஸோனா என்று பெயர். அவனைப் புதைத்திருப்பது அந்த ஊர் தேவாலயத்தில். ஊரின் பெருமையைப் பெயராக வைத்துக்கொண்ட இந்தக் கிளப், ஊரிலிருந்த ஒரு கார் வியாபாரக் கம்பெனியின் ஆதரவோடு இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. 2013-ல் மேலே ஏறும் தகுதியை ஆடுகளத்தில் வென்றது. ஏற விடவில்லை. 2014-ல் மறுபடியும் வென்றது. மறுபடியும் ஏற விடவில்லை. 2015-ல் மூன்றாம் தடவையும் வென்றது. அப்போதும் அதே கதை.

மூன்று வருஷம் வரிசையாகப் பரீட்சையில் தேறியவனை மூன்று வருஷமும் அதே வகுப்பில் உட்கார வைத்தால் அந்தப் பள்ளிக்கூடத்தை என்னவென்று சொல்வது?

ஏன் விடவில்லை? வாசலில் ஒரு விலை வைத்திருந்தார்கள். புதிதாக ஏறி வருகிற கிளப் சங்கத்தில் ஒரு பங்கு வாங்க வேண்டும். அதன் விலை பழைய பெஸெட்டா நாணயத்தில் ஐம்பது கோடி. யூரோ வந்த பிறகு அது சுமார் முப்பது லட்சம் யூரோ. விலைவாசி ஏற ஏற இதுவும் ஏறும். இது போதாதென்று ஏற்ற இறக்க நிதி என்று ஒன்று. அதற்கும் கட்ட வேண்டும். அதன் மேல் வரி. எல்லாம் சேர்ந்தால் ஐம்பது லட்சம் யூரோவைத் தொட்டு நிற்கும். அன்றைய நாணய மாற்றில் நம் ரூபாய்க்கு முப்பது கோடிக்கு மேல். ஒரு பந்தைத் தொடுவதற்கு முன்னால், ஓர் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுப்பதற்கு முன்னால், ஒரு பஸ்ஸுக்கு டீசல் ஊற்றுவதற்கு முன்னால் கட்ட வேண்டிய பணம் இது. இரண்டாம் பிரிவில் ஆடுகிற ஒரு சிறு நகரத்துக் கிளப்பின் ஒரு வருஷ வரவு செலவையே இது முழுங்கிவிடும்.

நம் ஊர் கடைத்தெருவில் இதற்குப் பெயர் பகடி. கடைக்கு வாடகை வேறு, சாவியைக் கையில் கொடுப்பதற்கு வாங்கும் பணம் வேறு. ரசீது இல்லாமல் வாங்கினால் பகடி; கோட்டு சூட்டுப் போட்ட கனவான்கள் சங்கத்தின் சட்டத்தில் எழுதி வைத்து வாங்கினால் அதற்கு "நுழைவு நிபந்தனை" என்று பெயர்!

யார் வைத்த விலை இது? லீக் ஆரம்பித்தது 1957-ல். அப்போது அதை நடத்தியது தேசிய கூடைப்பந்து சம்மேளனம். 1980-களின் தொடக்கத்தில் பெரிய கிளப்புகள் தங்களுக்கென்று சங்கம் கூட்டிக்கொண்டன. 1983-ல் லீக் அந்தச் சங்கத்தின் கைக்குப் போயிற்று. அதாவது உள்ளே உட்கார்ந்திருக்கிற கிளப்புகளே, உள்ளே வர நினைப்பவனுக்கு என்ன விலை என்று தீர்மானிக்கின்றன. யாருடைய இடத்துக்கு ஆபத்து வருமோ அவரே வாசலில் சாவியோடு நிற்கிறார். இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு உண்டா?

எட்டு இடம், ஒரு நுழைவு

பர்கோஸ் மட்டும் அகப்பட்டுக்கொண்டது என்று நினைக்க வேண்டாம். 2013 முதல் 2016 வரை நான்கு வருஷங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு இரண்டு இடமாக எட்டு இடங்கள். எட்டையும் யாரோ ஒருவர் ஆடுகளத்தில் வென்றார்கள். அந்த எட்டில் உள்ளே நுழைந்தது எத்தனை தெரியுமா? ஒன்று. ஒன்றே ஒன்று!

அந்த ஒன்று எது என்பதுதான் வேடிக்கை. 2014-ல் நுழைந்த அன்டோரா. அன்டோரா ஸ்பெயின் நகரமே அல்ல. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே பிரனீஸ் மலையில் கிடக்கிற குட்டி நாடு. பாங்குகளுக்கும் பணக்காரர்களுக்கும் பேர்போன இடம். கோஷ்டி தாங்கி வந்ததும் ஒரு பாங்கின் பெயரை. அன்டோரா ஆட்டக்காரர்கள் மீது நமக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களும் ஜெயித்துத்தான் வந்தார்கள். ஆனால் வாசலைத் திறந்தது அவர்கள் போட்ட கூடையா, பாங்கின் பெட்டியா?

வெளியே நின்றவர்கள் யார்? 2015-ல் பர்கோஸோடு கலீஷியா நாட்டுப்புறத்து ஊரென்ஸே. 2016-ல் ஒரு பாலாடைக்கட்டி நிறுவனத்தின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆடிய பலென்ஸியா; அதோடு மெலில்யா. (மெலில்யா ஆப்பிரிக்கக் கரையில் இருக்கிறது. அதை ஸ்பெயின் இன்னும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது வேறு கட்டுரைக்கு உரிய விஷயம்.) எல்லாம் நடுத்தர, சின்ன ஊர்கள்.

வென்றவன் ஏறவில்லை என்றால், தோற்றவன் இறங்க வேண்டியதில்லை. இதைக் கவனியுங்கள். மாட்ரிட் நகரத்து எஸ்டூடியான்டெஸ் பழம்பெரும் கிளப். 2012-ல் இறங்க வேண்டிய இடத்தில் முடித்தது, இறங்கவில்லை. 2016-ல் மறுபடியும் இறங்க வேண்டிய இடம், மறுபடியும் இறங்கவில்லை. கீழே இருந்து வர வேண்டியவர்களிடம் பணம் இல்லாததால் மேலே இருந்தவருக்கு நாற்காலி மிஞ்சியது. அந்தக் கிளப் கடைசியில் 2021-ல்தான் இறங்கியது. 2016-ல் கணக்கு இன்னும் கேவலமாயிற்று. இறங்கிய ஒரு கோஷ்டிக்குப் பதிலாக யாரும் வர முடியாததால், அடுத்த பருவத்தில் பதினெட்டுக் கோஷ்டி லீக் பதினேழு கோஷ்டியோடு நடந்தது. ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தாலும் கிடக்கட்டும், காசில்லாதவன் அதில் உட்காரக் கூடாது!

சம்பளத்துக்கு ஜாமீன் வேறு, வாசலுக்கு விலை வேறு

சங்கத்துக் கனவான்களிடம் இதற்கு ஒரு சமாதானம் உண்டு. அதை நாம் மறைக்கக் கூடாது. சிறிய கிளப்புகள் ஆசைப்பட்டு மேலே வரும், சக்திக்கு மீறிக் கடன் வாங்கும், நடுப்பருவத்தில் திவாலாகும், ஆட்டக்காரர்கள் சம்பளம் இல்லாமல் தெருவில் நிற்பார்கள். ஆகவே காசுள்ளவன் மட்டும் வர வேண்டும் என்கிறார்கள்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. 2008-ல் ஜிரோனா கிளப் கடனில் மூழ்கிப் போனது. 2008-ஐ ஒட்டி வந்த பெரும் நெருக்கடி ஸ்பெயினின் கட்டட வியாபாரத்தையும் சேமிப்பு பாங்குகளையும் சேர்த்துக் கவிழ்த்தபோது, அவற்றை நம்பியிருந்த கிளப்புகளும் ஆட்டம் கண்டன. 2012-ல் அலிகான்டே தன் இடத்தைத் தானே விட்டுக் கொடுத்துவிட்டுக் கீழே போயிற்று. வயதான வல்யதோலித் கிளப் 2015-ல் கலைந்தே போயிற்று. ஆட்டக்காரனும் கூலி வாங்கும் தொழிலாளிதான். முழங்கால் உடைந்தால் முப்பது வயதில் பிழைப்பு முடிந்தது. அவன் சம்பளத்துக்கு ஜாமீன் கட்டு என்று கிளப்பைக் கட்டாயப்படுத்துவது நியாயம். நாமும் அதைத்தான் சொல்வோம். எவ்வளவு கறாராகக் கேட்டாலும் தகும்.

ஆனால் ஐயா, நீங்கள் வாங்கிய ஐம்பது லட்சம் ஆட்டக்காரனுக்கா போகிறது? அது சங்கத்தில் பங்கு வாங்குவதற்கும் ஏற்ற இறக்க நிதிக்கும் போகிறது. மேலே ஏறுகிறவன் கையிலிருந்த காசையெல்லாம் வாசலிலேயே உருவிக்கொண்டு, அப்புறம் "இவனால் சம்பளம் கொடுக்க முடியாது, பார்த்தீர்களா" என்பது எந்த ஊர் நியாயம்? ஜாமீன் தொழிலாளியைக் காப்பாற்றும். பகடி பழைய கடைக்காரனைக் காப்பாற்றும். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "பாதுகாப்பு" என்று லேபிள் ஒட்டுவது பம்மாத்து.

ஆட்டக்காரர்கள் மீது இவர்களுக்கு இருக்கிற கரிசனம் எவ்வளவு என்பதும் தெரிந்த விஷயம்தான். ஸ்பெயின் கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்கு 1980-களிலிருந்து சொந்தத் தொழிற்சங்கம் இருக்கிறது. 2018-ன் தொடக்கத்தில் அரசர் கோப்பைப் பந்தயம் நெருங்கிய வேளையில் அந்தச் சங்கம் வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுக்க வேண்டியதாயிற்று. தகராறு எதன்மேல்? ஆடி ஓய்ந்தவர்களுக்கு உதவும் சமூக நிதியும் கூட்டு ஒப்பந்தமும். பேச்சுவார்த்தைக்குப் பிறகு வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. கோப்பை தப்பியது. (குடியரசை ஒழித்தவர்கள் கொண்டு வந்து வைத்த அரசர் குடும்பத்தின் பெயரில்தான் இன்னும் கோப்பை என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறோம்.)

ஸ்பெயின் சர்க்காரின் போட்டி ஒழுங்குமுறைக் கமிஷன் ஒன்று இருக்கிறது. அது சோஷலிஸ்ட் ஸ்தாபனம் அல்ல. சந்தை நன்றாக நடக்க வேண்டும் என்பதே அதன் வேலை. அந்தக் கமிஷனுக்கே இது பொறுக்கவில்லை. ஏறி வரும் கிளப்புகள் மீது அளவுக்கு மீறிய, பாரபட்சமான பண நிபந்தனைகளைச் சுமத்தியதாக 2017-ல் லீக் சங்கத்துக்கு நான்கு லட்சம் யூரோ அபராதம் விதித்தது. ஒரு கிளப்பிடம் கேட்ட பகடியில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை இந்த அபராதம். ஆனாலும் தீர்ப்பில் சொன்ன விஷயம் பெரிது. முதலாளித்துவத்தின் சொந்தத் தராசிலேயே சரக்கு எடை குறைவு என்று வெட்ட வெளிச்சமாயிற்று.

பத்தொன்பது வருஷத்து வழக்கு

பர்கோஸுக்கு முன்பே ஒரு கிளப் இந்த வாசலில் நின்றிருக்கிறது. அது நின்ற நேரம் பத்தொன்பது வருஷம்.

ஸான்டியாகோ டி கம்போஸ்டேலா என்ற யாத்திரை ஸ்தலம் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. அங்கே ஒப்ரடோய்ரோ என்ற கிளப். 1990-ல் முதல் பிரிவுக்கு ஏறுவதற்கான பந்தயத்தில் மூர்ஸியா கோஷ்டியிடம் தோற்றது. ஆனால் மூர்ஸியா இறக்கிய ஆட்டக்காரர்களில் ஒருவர் விதிப்படி அந்தப் பந்தயத்தில் ஆடத் தகுதியில்லாதவர் என்று ஒப்ரடோய்ரோ புகார் செய்தது. சங்கம் கேட்கவில்லை. கிளப் கோர்ட்டுக்குப் போயிற்று.

வழக்கு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. 1990-ல் ஆடிய பிள்ளைகள் தலை நரைத்துத் தகப்பன்மார் ஆனார்கள். முதல் பிரிவில் ஆடும் கோஷ்டி இல்லை, கூட்டம் இல்லை, டிக்கட் வசூல் இல்லை. வழக்குக் கட்டும் சில பிடிவாதக்காரர்களும்தான் மிச்சம். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய்க் கடைசியில் கிளப்பின் பக்கம் நியாயம் பிறந்தது. 2009-ல் ஒப்ரடோய்ரோவை முதல் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். கோடைகாலத்தில் சில வாரங்களுக்குள், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு கோஷ்டியைக் கூட்ட வேண்டியிருந்தது.

அந்தச் சமயம் கிளப்பின் தலைவராக இருந்தவர் ஹோஸே ஆங்ஹெல் டொகோபோ. தொழில் என்ன தெரியுமா? வானசாஸ்திரி. இரட்டை நட்சத்திரங்களை ஆராய்கிற பேராசிரியர். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திய நமக்கு நட்சத்திரக் கணக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரிகிறது. நட்சத்திரம் ஒரு சுற்றுச் சுற்றி வரக் காத்திருந்து பழகியவருக்குத்தான் நம் காலத்துக் கோர்ட்டுகளில் காத்திருக்கவும் பொறுமை இருக்கும்.

முதல் வருஷமே ஒப்ரடோய்ரோ கீழே இறங்கியது. ஆனால் 2011-ல் ஆடுகளத்திலேயே ஜெயித்து மறுபடி ஏறியது. 2024 வரை முதல் பிரிவில் நிலைத்து நின்றது. பதின்மூன்று வருஷம்! ஏறத் தகுதியில்லை என்று தள்ளப்பட்ட ஊர் இது. நிற்க முடியாத கிளப்பா இது? வாய்ப்புக் கொடுத்துப் பார்க்காமலே "முடியாது" என்று சொல்வது மேட்டுக்குடியின் பழைய பல்லவி.

பட்டம் யார் வீட்டில்?

சங்கம் லீகை எடுத்துக்கொண்ட 1983-84 முதல் 2024-25 வரை நாற்பத்திரண்டு பருவங்கள். பட்டம் வென்ற கிளப்புகள் மொத்தம் ஏழு. அதிலும் பார்ஸிலோனா பதினேழு தடவை, ரியல் மாட்ரிட் பதினாறு தடவை. நாற்பத்திரண்டில் முப்பத்துமூன்று இரண்டே வீட்டில்! இரண்டும் உதைபந்துக் கோடீஸ்வரக் கிளப்புகளின் கூடைப்பந்துக் கிளைகள். உதைபந்தில் வருகிற பணம் கூடைப்பந்தின் பள்ளத்தை நிரப்புகிறது. மிச்சம் ஒன்பது பட்டங்களை பாஸ்கோனியா, ஹோவென்டூட், மாலாகா, வலென்ஸியா, மன்ரேஸா என்ற ஐந்து கிளப்புகள் பங்கு போட்டுக்கொண்டன.

இந்தக் கடைசிப் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்: மன்ரேஸா. கார்டெனெர் ஆற்றங்கரையில் பஞ்சாலைகளால் வளர்ந்த கட்டலோனியா ஊர். ஜனத்தொகை லட்சத்தைத் தொடாது. 1998-ல் அந்த ஊர்க் கோஷ்டி ஆறாவது இடத்தில் லீகை முடித்தது. பெரிய கோஷ்டிகள் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதன் பிறகு நடந்த மோதல்களில் ஒவ்வொருவராகச் சாய்த்துக்கொண்டே போய் பட்டத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. இறுதி ஆட்டங்களில் சிறந்தவர் என்று பரிசு வாங்கியவர் ஹுவான் கிரேயுஸ். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. மில்லில் வேலை செய்கிறவன் நாற்பத்தொரு வயதில் என்ன களைத்துப் போயிருப்பான் என்பது ஆலைத் தோழர்களுக்குத் தெரியும். அந்த வயதில் இருபது வயதுப் பிள்ளைகளோடு ஓடி, பந்தைக் கையிலிருந்து விடாமல், ஒரு பஞ்சாலை ஊருக்குத் தேசப் பட்டத்தைக் கொண்டுவந்தார். பெரிய பணமில்லாத ஊரும் ஜெயிக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சியம் வேண்டும்? இதே மன்ரேஸா 2017-ல் கீழே இறங்கியது. 2018-ல் மறுபடி ஏறியது. அழுதுகொண்டு கோர்ட்டுக்குப் போகவில்லை, ஆடி ஏறியது. ஏறுவதும் இறங்குவதும் ஆட்டத்தோடு ஒட்டிய விஷயம் என்பதை அந்த ஊர் ஜனங்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் பெரியவர்கள்தான்.

பெயர் விஷயத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிடுவோம். ஊர்ப் பெயர் பின்னால் போய், காசு கொடுத்த கம்பெனியின் பெயர் முன்னால் நிற்கும். மன்ரேஸா பட்டம் வென்றபோது சட்டையில் இருந்தது ஜப்பானிய காஸெட் கம்பெனியின் பெயர். மாலாகா கோஷ்டி சேமிப்பு பாங்கின் பெயரால் அழைக்கப்படுகிறது. லீகின் பெயரே 2011 முதல் எண்டெஸா என்ற மின்சாரக் கம்பெனியின் பெயராகிவிட்டது. 1944-ல் பொதுத்துறையாகப் பிறந்த கம்பெனி அது. 1998-க்குள் முழுக்கத் தனியாருக்குப் போய்விட்டது. பிறகு இத்தாலியின் ஏனெல் கம்பெனி கைக்கு வந்தது. ஜனங்கள் சொத்தாக இருந்த மின்சாரத்தை விற்ற பிறகு, அந்த ஜனங்கள் பார்க்கும் பந்தாட்டத்தின் நெற்றியிலும் அதன் விளம்பரம். ஆனால் ஆடுகிற மண்டபங்கள் மட்டும் பல ஊர்களில் நகரசபையும் மாகாண நிர்வாகமும் பொதுப் பணத்தில் கட்டியவை. வீடு ஊருடையது, பகடி மட்டும் சங்கத்துக்கு!

மறுபடி பர்கோஸுக்கு வருவோம். 2014 ஜனவரியில் அந்த ஊரின் தொழிலாளர் பேட்டையான கமொனால் கொந்தளித்தது செய்தியாயிற்று. வேலையில்லாமல் ஜனங்கள் தவிக்கிற நேரத்தில் கோடிக்கணக்கில் செலவிட்டு அலங்காரச் சாலை போட நகரசபை கிளம்பியது. பேட்டை ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். மேயர் திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. அதே வருஷம்தான் அவர்களுடைய கூடைப்பந்துக் கோஷ்டி இரண்டாம் தடவை வென்றும் வெளியே நிறுத்தப்பட்டது. சாலையை நிறுத்த முடிந்த ஜனங்களால் சங்கத்தின் கதவைத் திறக்க முடியவில்லை.

மூன்றாம் தடவைக்குப் பிறகு டிஸோனா தளர்ந்தது. 2015-ல் ஊரில் வேறொரு கிளப் பிறந்து அந்த இடத்தில் ஆடத் தொடங்கியது. 2017-ல், வாசல் விஷயத்தில் சங்கத்தின் கை கொஞ்சம் தளர்ந்த வருஷத்தில், அது முதல் பிரிவுக்கு ஏறியது. மேலே கூரை போட்டுப் புதுப்பித்த ஊர்க் காளைச்சண்டை மைதானத்தில் ஆட்டங்கள் நடந்தன. கூட்டம் நெரிந்தது. மூன்றே வருஷத்தில், 2020 அக்டோபரில், ஏதென்ஸ் நகரத்தில் அந்த ஊர் ஏ.இ.கே. கோஷ்டியைத் தோற்கடித்து ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையைப் பர்கோஸ் தூக்கிக்கொண்டு வந்தது. 2021-ல் துருக்கியின் கர்ஷியாகா கோஷ்டியை வென்று இரண்டாம் தடவையும் அதே கோப்பை!

"தாங்க மாட்டார்கள்" என்று ஐந்து வருஷத்துக்கு முன்னால் யாரைச் சொன்னார்களோ அந்த ஊர்தான் இது. கிளப் வேறு, ஊர் அதேதான்; அதே ஜனங்கள்தான். 2022-ல் அதே கோஷ்டி லீகில் சறுக்கிக் கீழே இறங்கியது. ஐரோப்பியக் கோப்பை இரண்டு அலமாரியில் இருந்தும் இறங்கியது. 2025-ல் இரண்டாம் பிரிவை வென்று மறுபடி ஏறியது. இதுதான் ஆட்டம். இதில் ஒருவரும் குறை சொல்ல முடியாது.

மேல்மாடியில் இன்னொரு கதவு

இந்த லீகின் வாசல் கொஞ்சம் தளர்ந்தது என்று சந்தோஷப்படுவதற்குள் மேல்மாடியில் வேறு பூட்டுத் தயாராகிவிட்டது. ஒரு காலத்தில் ஐரோப்பியப் பட்டத்துக்கு மோத வேண்டுமானால் உன் நாட்டில் சாம்பியனாக வா என்பார்கள். அப்படி வந்துதான் யூகோஸ்லாவியாவில் ஸ்ப்ளிட் நகரத்து பிளாஸ்டிக் தொழிற்சாலையின் பெயர் தாங்கிய யூகோபிளாஸ்டிகா 1989, 1990, 1991 என்று வரிசையாக மூன்று வருஷம் ஐரோப்பாவை வென்றது. 2016-ல் யூரோலீக் என்ற கம்பெனி அந்த வழியைக் குறுக்கிவிட்டது. பதினொரு கிளப்புகளுக்கு நீண்டகால லைசென்ஸ் கொடுத்தது. ஸ்பெயினிலிருந்து ரியல் மாட்ரிட், பார்ஸிலோனா, பாஸ்கோனியா மூன்றும் அதில் சேர்ந்தன. சொந்த லீகில் அவர்கள் எந்த இடத்தில் முடித்தாலும் மேல்மாடி நாற்காலி அவர்களுக்கு உண்டு.

இப்போது அமெரிக்காவின் என்.பி.ஏ. வருகிறது. சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனத்தோடு சேர்ந்து ஐரோப்பாவில் புது லீக் ஒன்று தொடங்க ஆலோசிப்பதாக 2025 மார்ச்சில் அறிவித்தது. நிரந்தர இடங்கள் பெரும்பாலும், ஜெயித்து வருகிறவர்களுக்குச் சில இடங்கள் என்பது அவர்கள் பேசிய ஏற்பாடு. என்.பி.ஏ.யில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. முப்பது கோஷ்டிகள், முப்பது முதலாளிகள். அந்த அறிவிப்பு வந்த அதே மாதம் பாஸ்டன் கோஷ்டியை 610 கோடி டாலர் மதிப்பில் விற்க ஒப்பந்தமாயிற்று. இப்படி விலை பேசிப் பழகியவர்களுக்குப் பர்கோஸும் மன்ரேஸாவும் எந்தக் கணக்கில் வரும்?

பதிலுக்கு ஸ்பெயின் ரசிகர்களும் ஆட்டக்காரர் சங்கமும் சின்ன ஊர்க் கிளப்புகளும் என்ன கேட்க வேண்டும் என்று நம்மை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறோம். ஆட்டக்காரன், பயிற்சியாளன், சாமான் தூக்கும் பையன் வரை எல்லோருடைய சம்பளத்துக்கும் ஜாமீன் வை. அதைப் பெரிய கிளப், சின்ன கிளப் என்று பார்க்காமல் எல்லோரிடமும் வாங்கு. ஏறுகிறவனிடம் பங்கு விலை கேட்காதே. விலை கேட்கிற புத்தகத்தைப் பொதுவில் வை. யாரிடம் எவ்வளவு வாங்கினாய், அது யாருக்குப் போயிற்று என்று மண்டபம் கட்டிக் கொடுத்த ஊர் ஜனங்களுக்குக் காட்டு. மேலே எந்தப் புது லீக் வந்தாலும் நாட்டு லீகில் வென்றவனுக்கு அதில் இடம் எழுதி வை. கையெழுத்துப் போடுகிற மேஜையில் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் ஒரு நாற்காலி போடு. மேஜை இன்னும் போட்டு முடியவில்லை. பேச்சு நடந்துகொண்டிருக்கிறபோதே கேட்டால்தான் உண்டு. 1990-ல் விட்டதை 2009-ல் வாங்கிய ஒப்ரடோய்ரோக்காரர்களைக் கேட்டால் அவர்களும் அதைத்தான் சொல்வார்கள்.